நொய்யலின் உப்புக் கணக்கு

ஒரு கிலோ பருத்திப் பின்னல் துணிக்கு அடர் நிறம் ஏற்ற, சாயத் தொட்டியில் எட்டு முதல் பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 60 கிராம் அளவில் உப்பு கரைக்கப்படுகிறது. கடல்நீரில் இருப்பது லிட்டருக்கு 35 கிராம்தான்.

உப்பு எதற்கு? நனைந்த பருத்தி இழைக்கு எதிர்மின் தன்மை உண்டு. சாய மூலக்கூறுக்கும் அதே தன்மை. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தை இழையோடு சேர வைக்கிறது. அத்துடன் அதன் வேலை முடிகிறது. துணியில் அது தங்குவதில்லை. ஒரு கிலோ துணிக்குப் போட்ட அரை கிலோ உப்பும் அலசும் தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது. 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு இது ஏறத்தாழ 100 கிராம்.

சாயக்கழிவில் பார்ப்பவர் கண்ணில் படுவது நிறம். ஆனால் நிறத்தை நீக்கலாம். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டால் நிறம் பெரும்பாலும் படிந்துவிடும். கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உப்பை எதுவும் தின்பதில்லை. அது மட்காது, எரியாது, காலப்போக்கில் வேறொன்றாக மாறாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும். அவ்வளவே.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியாகக் கிழக்கே ஓடி, நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. மலையடிவாரத்தில் மழை உண்டு. சமவெளிக்கு வந்த பிறகு அது மழை குறைந்த பகுதியின் ஆறு. திருப்பூர் வட்டாரத்தில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர். வெயிலில் ஆவியாகக்கூடிய அளவு அதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் சொந்த நீர் கிடையாது. நிலத்தடியில் இருப்பது பாறை. நீர் பாறைப் பிளவுகளில்தான் தங்கும், பிளவுகள் வழியாகத்தான் நகரும்.

இந்த ஆற்றின் மேல் 1980களில் இரண்டு திட்டங்கள் வளர்ந்தன.

முதலாவது தொழில். திருப்பூரின் பனியன் கம்பெனிகள் அதுவரை உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை உள்ளாடை தைத்தவை. வெள்ளைத் துணிக்குச் சலவை போதும். ஏற்றுமதி தொடங்கியதும் நிறம் தேவைப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் திருப்பூரில் சாய, சலவைப் பட்டறைகள் நூறுகூட இல்லை. 1990களின் இறுதியில் 800-ஐத் தாண்டின. ஜம்மனை ஓடையும் நல்லாறும் அவற்றின் கழிவை நொய்யலுக்குக் கொண்டுவந்தன.

இரண்டாவது அணை. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அரசு ஓர் அணை கட்டியது. செலவு 16.46 கோடி ரூபாய். கொள்ளளவு 61.6 கோடி கன அடி. மழைக்கால வெள்ளத்தைத் தேக்கி, ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவது நோக்கம். 1992-இல் பணி முடிந்தது. இடம் திருப்பூருக்குக் கீழே, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில்.

ஒரு துறை ஆற்றைப் பாசன வாய்க்காலின் தலைப்பாகக் கணக்கில் எடுத்தது. இன்னொரு துறை ஊக்குவித்த தொழில் அதே ஆற்றைக் கழிவுநீர்ச் சாக்கடையாகக் கணக்கில் எடுத்தது. இரண்டும் ஒரே மாநிலத்தின் திட்டங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக வரவு செலவு போடப்பட்டது. அந்தக் கணக்குகளை ஒரே மேசையில் விரித்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

ஆற்றுத் திட்டமிடலில் இந்த ஓட்டை அன்று யாருக்கும் தெரியாத ஒன்றல்ல. அமெரிக்காவில் 1973-இல் வந்த நீர்வளத் திட்ட நெறிமுறை, பொருளாதார வளர்ச்சி ஒரு நோக்கம், சுற்றுச்சூழல் தரம் அதற்குச் சமமான இன்னொரு நோக்கம் என்று வகுத்து, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதி அருகருகே வைக்கச் சொன்னது. பத்தே ஆண்டுகளில், 1983-இல், அது மாற்றப்பட்டது. பொருளாதார வளர்ச்சி மட்டும் நோக்கமாக நின்றது. இந்தியாவில் பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய அறிவிக்கை வந்தது 1994-இல். ஒரத்துப்பாளையம் அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. காவிரி உள்ளிட்ட ஆறுகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சாயத் தொழில் போன்ற கடும் மாசு தரும் தொழில்களைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்று தமிழக அரசு 1989 மார்ச்சில் ஆணை பிறப்பித்தது. திருப்பூரின் சாயப்பட்டறைகள் மிக வேகமாகப் பெருகியது அந்த ஆணைக்குப் பிறகு வந்த பத்தாண்டில்.

இனி எண்களுக்கு வரலாம்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் திருப்பூர்ப் பட்டறைகள் வெளியேற்றிய கழிவுநீர் நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகைகளின் மொத்த அளவை டி.டி.எஸ். என்கிறார்கள். தமிழில் மொத்தக் கரைபொருள். சாயத் தொட்டி நீரும் அலசிய நீரும் கலந்த கழிவில் அது லிட்டருக்கு 5 கிராம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 400 டன். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 1.2 லட்சம் டன். 1980 முதல் 2000 வரை நொய்யல் வடிநிலத்தில் சேர்ந்த மொத்தக் கரைபொருள் 23 லட்சம் டன்னுக்கு மேல் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பத்து டன் லாரியில் ஏற்றினால் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் நடை.

இதைக் கட்டுப்படுத்த விதி ஒன்று இருந்தது. வெளியேறும் கழிவுநீரில் மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பட்டறைகள் இந்த வரம்பை மீறின என்பதே வழக்கமான குற்றச்சாட்டு. அது உண்மைதான். ஆனால் அதைவிடக் கவலை தருவது வேறு. எட்டுக் கோடி லிட்டரை 2.1 கிராமால் பெருக்கினால் 168 டன். அதாவது, எல்லாப் பட்டறைகளும் எல்லா நாளும் விதியை மீறாமல் நடந்திருந்தாலும், ஆற்றுக்கு நாளொன்றுக்கு 168 டன் உப்பு சட்டப்படியே போயிருக்கும். 300 நாளில் 50,000 டன்னுக்கு மேல்.

விதி அளந்தது செறிவை. ஆறு வாங்கிக்கொண்டது எடையை. ஒரு லிட்டரில் எவ்வளவு என்று கேட்கும் விதிக்கு, மொத்தம் எத்தனை லிட்டர் என்ற கேள்வி கிடையாது. பட்டறைகளின் எண்ணிக்கை எட்டு மடங்கு ஆனாலும் ஒவ்வொரு பட்டறையும் விதிக்கு உட்பட்டே இருக்க முடியும். நல்ல தண்ணீரைக் கலந்து செறிவைக் குறைத்தாலும் விதி நிறைவேறும். உப்பின் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. கழிவில் கலந்து நீர்க்கச் செய்ய ஆற்றில் எப்போதும் நீர் ஓடும் என்ற எண்ணத்தில்தான் இத்தகைய வரம்புகள் வகுக்கப்படுகின்றன. நொய்யலில் ஆண்டின் பெரும்பகுதி ஓடியது அந்தக் கழிவுதான்.

1990களின் இறுதியில் பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. நீதிமன்ற நெருக்கடியில், பெரும் செலவில் எழுந்த நிலையங்கள் அவை. நிறத்தைக் குறைத்தன, மிதக்கும் துகளை நீக்கின. கரைந்த உப்பை நீக்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை. சுத்திகரிக்கச் சேர்த்த ரசாயனங்கள் உப்பின் அளவைச் சற்றுக் கூட்டவே செய்தன. வெளியே வந்த நீர் முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

இந்த நீர் ஒரத்துப்பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அணை இல்லாதிருந்தால் உப்பின் ஒரு பகுதியை மழைக்கால வெள்ளம் காவிரிக்கு அடித்துப் போயிருக்கும். அதுவும் தீங்குதான், ஆனால் பரவலான, நீர்த்துப்போன தீங்கு. அணை அதைத் தடுத்துத் தேக்கியது. தேங்கிய நீரில் ஒரு பங்கு வெயிலில் ஆவியானது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு பின்தங்கும். மிச்ச நீர் அடர்த்தியாகி, அணையின் அடியிலிருந்த பாறைப் பிளவுகளில் மாதக்கணக்காக, பிறகு ஆண்டுக்கணக்காக இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கம், சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் உப்பைச் செலுத்தும் அமைப்பாக மாறியது. தனித்தனியே பார்த்தால் பட்டறையும் ஒரு வளர்ச்சித் திட்டம், அணையும் ஒரு வளர்ச்சித் திட்டம். ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தபோது நேர்ந்தது இது. இந்த விளைவை எந்தத் திட்ட அறிக்கையிலும் யாரும் எழுதவில்லை, ஏனென்றால் எந்த ஒரு திட்டமும் தனியாக இதைச் செய்யவில்லை.

முதலில் கெட்டது கிணற்று நீர். பிறகு மண். உப்பு நீர் பாயும் வயலில் நடப்பது இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பயிர் வாடுகிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே வாடுகிறது, ஏனென்றால் உப்புக் கூடிய ஈரத்தை வேரால் உறிஞ்ச முடிவதில்லை. இரண்டாம் கட்டம் மெதுவானது. களிமண் துகள்களைக் கோத்து வைத்திருப்பது கால்சியம். தண்ணீரிலுள்ள சோடியம் அதை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் உட்காருகிறது. துகள்கள் பிரிந்து நெருங்கிப் படிகின்றன. மேல்மண் இறுகுகிறது. அதன் பிறகு நல்ல மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. இந்த மண்ணைச் சீர்செய்ய வழி உண்டு. ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் திரும்பத் திரும்பத் தேக்கி, உப்பைக் கழுவி வடிக்க வேண்டும். அதற்கு முதல் தேவை நல்ல நீர். கழுவிய நீர் போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும்.

அணை நிரம்பிய சில ஆண்டுகளில் ஆயக்கட்டு விவசாயிகள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். பாசன வரலாற்றில் அப்படி ஒரு கோரிக்கை அரிது: அணையிலிருந்து தண்ணீர் திறக்க வேண்டாம். 1996-இல் கரூர்ப் பகுதி விவசாயிகள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2003-இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் மீண்டும் சென்றது. வேலூர்த் தோல் ஆலை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் விளைவாகத் தமிழகத்துக்கு அமைக்கப்பட்டிருந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் வட்டார விவசாயிகளுக்கான இழப்பீட்டை 2004 டிசம்பரில் கணக்கிட்டது. தொகை ஏறத்தாழ 25 கோடி ரூபாய்.

அந்தத் தொகையை மற்ற எண்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதியளவு அந்த ஒரே ஊரிலிருந்து போனது. சில லட்சம் பேருக்கு அங்கே வேலை. வறண்ட நிலத்தை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் வாழ்வு. இந்த வரவைச் சிறிதாக்கிச் சொல்வதில் நேர்மை இல்லை. ஆனால் ஏற்றுமதி ஆண்டுக்கு ஆண்டு புதிதாக எண்ணப்படும் தொகை. இழப்பீடு குறிப்பிட்ட சில ஆண்டுகளின் விளைச்சல் இழப்புக்கு மட்டும் கணக்கிடப்பட்ட தொகை. உப்பு ஆண்டு முடிந்ததும் கணக்கை மூடிக்கொள்வதில்லை. முந்தைய ஆண்டின் உப்பின் மேல் அடுத்த ஆண்டின் உப்பு சேர்கிறது. வருமானத்தையும் இருப்பையும் ஒரே தராசில் வைத்தால், எந்த ஆண்டில் நிறுத்துப் பார்த்தாலும் வருமானமே கனமாகத் தெரியும்.

2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும். அதுவரை அபராதம்: மார்ச் இறுதிவரை லிட்டருக்கு 6 காசு, ஏப்ரல், மே மாதங்களில் 8 காசு, பிறகு 10 காசு. எட்டுக் கோடி லிட்டருக்கு 10 காசு என்றால் நாளொன்றுக்கு 80 லட்சம் ரூபாய். கெடு முடிந்தது. கழிவு நிற்கவில்லை. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்து மூன்று மாதம் தந்தது. அதுவும் முடிந்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. முதல் வழக்குக்கும் இந்த நாளுக்கும் இடையில் 15 ஆண்டுகள். அந்த 15 ஆண்டுகளும் உப்பு சேர்ந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் நகரத்துக்கே தண்ணீர் இல்லாமல் போனது. திருப்பூரின் நிலத்தடி நீர் சாயத்துக்கும் உதவாத அளவுக்குக் கெட்டது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் கூடிய கடின நீரில் நிறம் சரியாக ஏறாது. பட்டறைகள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் நீர் வாங்கின. பின்னர் சுமார் 1,000 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு குடிநீர், தொழில்நீர்த் திட்டம் வந்தது. 2005, 2006 வாக்கில் நீர் வரத் தொடங்கியது. 50 கிலோமீட்டருக்கு அப்பால் பவானிக்கு அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம். பெரும்பங்கு தொழிலுக்கு. ஒரு துணையாற்றைக் கெடுத்ததன் செலவு இப்படித் தாயாற்றின் கணக்கில் எழுதப்பட்டது. தொழில் வளர்ச்சிக்கான முதலீடு என்ற தலைப்பில் அது பதிவாயிற்று.

இன்று திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்யும் முறையில் இயங்குகின்றன. எதிர்ச்சவ்வூடு பரவல் என்னும் ஆர்.ஓ. முறையில் தண்ணீரின் பெரும்பங்கு பிரிக்கப்பட்டு மீண்டும் பட்டறைக்குப் போகிறது. மிஞ்சும் கடும் உப்புநீரில் ஒரு பகுதி சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. மற்றதைக் கொதிக்கவைத்து உப்பைப் படிகமாக்குகிறார்கள். அதற்கு நீராவியும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். நீராவிக்குப் பெரும்பாலும் விறகு எரிகிறது. சாயத் தொட்டியில் போடும் உப்பு வகையான கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) தூயதாகப் பிரிந்து வந்தால் மீண்டும் பயன்படும். பிரிக்க முடியாமல் கடைசியில் நிற்பது கலப்பு உப்பு. பலவகை உப்புகளும் சாய எச்சமும் சேர்ந்த பழுப்புத் தூள். இதை வாங்க ஆளில்லை. மழையில் கரையும் என்பதால் புதைப்பதும் ஆபத்து. நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அது அடுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் புது மூட்டைகள் சேர்கின்றன. முன்பு ஆற்றில் பரவிய உப்பு இப்போது கூரைக்குக் கீழே இருக்கிறது. இது பெரிய முன்னேற்றம்தான். கூரை ஒழுகாதவரை.

இந்த மறுசுழற்சிச் செலவைத் தாங்க முடியாத, அல்லது தாங்க விரும்பாத சாய வேலை வேறு எங்கே போகும்? ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் அனுமதியற்ற சாயப்பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இடிப்பதும், அவை வேறிடத்தில் முளைப்பதும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அங்கே கழிவு போய்ச் சேரும் இடம் நேரே காவிரி, அல்லது காலிங்கராயன் வாய்க்கால். காலிங்கராயன் ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டு பழமையான பாசன வாய்க்கால். கழிவுநீர் அதில் கலக்காமலிருக்க அதன் ஓரமாகவே இன்னொரு சிறு வாய்க்கால் வெட்ட வேண்டியதாயிற்று. ‘பேபி வாய்க்கால்’ என்று ஊரார் சொல்கிறார்கள். ஓர் ஆற்றில் மட்டும் விதியை இறுக்கினால் கழிவு அடுத்த ஆற்றுக்கு நகரலாம் என்பதை அந்த வாய்க்கால் நினைவூட்டுகிறது.

ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் நீதிமன்ற உத்தரவின் பேரில் வெளியேற்றப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணை அதன் பிறகு நீரைத் தேக்கிவைக்க முடியாத அணையாக நிற்கிறது. வெள்ளம் வரும்போது முதலில் பார்ப்பது நீரின் மட்டத்தை அல்ல, அதிலுள்ள உப்பின் அளவை. பட்டறைகள் கழிவை நிறுத்திய பிறகும் அப்படித்தான். பாறைப் பிளவுகளில் இறங்கிய உப்பு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இன்று நல்ல நீர் தரும் கிணறு சில ஆண்டுகள் கழித்து மாறலாம்.

2023 மார்ச்சில் விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,052 ஏக்கர். நூற்பு முதல் சாயம், தையல் வரை ஒரே வளாகத்தில் அமைப்பது திட்டம். பூங்கா அமையும் சாத்தூர் வட்டாரத்தின் ஆறு வைப்பாறு. அதுவும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறுதான். கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு இப்போது தமிழ்நாட்டில் சாயத் தொழிலுக்குப் பொதுவான நிபந்தனை. நொய்யலில் நடந்தது அப்படியே இங்கே திரும்பும் என்று சொல்ல அடிப்படை இல்லை.

ஆனால் உப்புக் கணக்கு மாறவில்லை. ஒரு சாயத் தொழிற்பேட்டை நாளொன்றுக்கு 100 டன் துணிக்கு அடர் நிறம் ஏற்றினால் அதற்கு வேண்டிய உப்பு சுமார் 50 டன். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மீட்டு மறுபடி பயன்படுத்தினாலும் நாளொன்றுக்கு 5 டன் மிஞ்சும். 300 வேலை நாளில் 1,500 டன். இருபது ஆண்டில் 30,000 டன். அதை எங்கே வைப்பது, எந்தக் கூரையின் கீழ், யார் செலவில், பட்டறைகள் மூடிய பிறகு யார் காவலில் என்பதற்குத் திருப்பூரிலேயே இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.